கல்யாண வீட்டுக் குழாயில் அறுபது வருடமாக அதே பாட்டு

விடியற்காலை நாலரை மணி இருக்கும். பந்தலில் ட்யூப் லைட் மட்டும் எரியும். கொல்லைப்புறத்தில் சமையல் ஆட்கள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்கள். மைக் செட்காரர் வேப்பமரத்தில் ஏறி இரண்டு குழாய்களைக் கட்டிவிட்டு இறங்குவார். ஒன்று கிழக்குத் தெருவைப் பார்த்து இருக்கும், இன்னொன்று பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, இசைத்தட்டின் மேல் ஊதி, முள்ளை மெதுவாக வைப்பார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அது முடிந்ததும் அடுத்து என்ன வரும் என்று பாயில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "வாராயென் தோழி வாராயோ."

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் இப்படித்தான் விடியும். இசைத்தட்டு போய் கேசட் வந்தது. கேசட் போய் சிடி, சிடி போய் பென் டிரைவ். மரத்தில் கட்டிய குழாய்க்குப் பதில் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது. பாட்டு மட்டும் மாறவில்லை.

இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தமிழில் பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' வெளியானதிலிருந்து வந்த திரைப்பாட்டுகளை எண்ணி முடியாது. அதில் பெரும்பகுதி வந்த வருடமே காணாமல் போய்விட்டது. கொஞ்சம் பாட்டுகள் மட்டும், படம் மறந்த பிறகும், நடித்தவர்கள் போன பிறகும், பாடியவர் பெயர்கூடத் தெரியாத தலைமுறையிடமும் வாழ்கின்றன. 'நல்ல பாட்டு, அதனால் நிற்கிறது' என்று சொல்லிவிடலாம். ஆனால் நல்ல பாட்டுகள் நிறையவே மறைந்து போயிருக்கின்றனவே! நின்ற பாட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: அந்தப் பாட்டுகளுக்கு நம் ஜனங்கள் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் ஒரு வேலை, காதுகுத்தில் ஒரு வேலை, சாவு வீட்டில் ஒரு வேலை. வேலை இருக்கும்வரை பாட்டும் இருக்கும்.

'வாராயென் தோழி'யையே எடுத்துக்கொள்வோம். 1961இல் வந்த 'பாசமலர்' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. பாடிய எல்.ஆர்.ஈஸ்வரிக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டும் இதுதான். 'பாசமலர்' என்ன கதை? அண்ணனும் தங்கையும் உயிருக்கு உயிராக இருந்து, தங்கையின் கல்யாணத்துக்குப் பிறகு பிரிந்து, நொந்து, கடைசியில் இருவரும் ஒன்றாகச் சாகிற கதை. தியேட்டரில் அழாதவர்கள் இல்லை என்பார்கள். அந்தப் படத்துப் பாட்டைத்தான் மங்களகரமான நேரத்தில் முதல் பாட்டாகப் போடுகிறோம்!

இது ஏதோ ஒரு பாட்டுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. கல்யாண வீட்டின் இன்னொரு தூண், "மணமகளே மருமகளே வா வா." அடுத்த வருடமே, 1962இல், 'சாரதா' படத்தில் வந்தது. பஞ்சு அருணாசலம் எழுதியது, கே.வி.மகாதேவன் இசை. அந்தப் படமும் கல்யாண வாழ்க்கை உடைந்து போகிற கண்ணீர்க் கதைதான். (பஞ்சு அருணாசலம்தான் பின்னாளில் 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தவர். ஊருக்கெல்லாம் மருமகளை வரவேற்ற பாட்டும் அவர் கையால் வந்தது என்பது பலருக்கும் தெரியாது.)

ஆக, நாம் அந்தப் படங்களைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. பாட்டை மட்டும் அழைத்தோம். அது எப்படி முடிந்தது? பாட்டுக்குள் கதை இல்லை. 'வாராயென் தோழி'யில் தோழி இருக்கிறாள், மணப்பந்தல் இருக்கிறது. கதாநாயகியின் பெயர் ராதா என்பது பாட்டில் எங்கும் வராது. அதனால் எந்த ஊர் மணப்பெண்ணுக்கும் அது பொருந்திவிடுகிறது. திரைப்பாட்டு எழுதுகிறவர்கள் 'சிச்சுவேஷன்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இயக்குநர் வந்து கதையில் இந்த இடம், இவளுக்கு நாளைக்குக் கல்யாணம், தோழிகள் கேலி செய்கிறார்கள் என்று சொல்வார். இசையமைப்பாளர் தன்னன தானன என்று மெட்டைப் பாடிக் காட்டுவார். கவிஞர் அந்தக் கதையின் பெண்ணுக்கு எழுதுவதுபோல உட்கார்ந்து, எல்லா ஊர்ப் பெண்ணுக்கும் எழுதிவிட்டு எழுந்திருப்பார். அந்தத் தலைமுறைக் கவிஞர்களுக்கு இது கைவந்த கலை. பெயரையும் சம்பவத்தையும் பாட்டுக்குள் திணித்தவர்களின் பாட்டு படத்தோடு கட்டப்பட்டு, படத்தோடு போனது.

சாவு வீட்டுக்கு வருவோம். இதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. தமிழ்நாட்டு ஊர்களில் சாவு வீட்டில் மைக் செட் கட்டினால் எப்படியும் ஒரு தடவையாவது ஒலிக்கிற பாட்டு, 1962இல் 'பாத காணிக்கை' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி டி.எம்.சௌந்தரராஜன் பாடிய "வீடு வரை உறவு." படத்தைப் பார்த்தவர்கள் இப்போது மிகக் குறைவு. பாட்டைத் தெரியாதவர் அதைவிடக் குறைவு.

இதன் வேர் பட்டினத்தாரிடம் இருக்கிறது. அவர் பாட்டு இது:

அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே! விழி அம்பு ஒழுக
மெத்திய மாதரும் வீதிமட்டே! விம்மி விம்மி இரு
கைத்தலமேல் வைத்து அழும் மைந்தரும் சுடுகாடு மட்டே!
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.

பொருள் வீட்டோடு நின்றுவிடும், பெண்கள் தெருவோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு. அதற்கு அப்புறமும் கூட வருவது நாம் செய்த புண்ணியமும் பாவமும். கண்ணதாசன் இதை என்ன செய்தார் என்று பாருங்கள். வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ. 'அத்தம்', 'மெத்திய மாதர்', 'கைத்தலம்' எல்லாம் போய்விட்டன. அன்றாடம் வாயில் புழங்குகிற பன்னிரண்டே சொற்கள் வந்தன. அதில் நாலு 'வரை'. வீ, வீ, கா, க என்று மோனை விழுகிறது. முதல் சொல்லைக் கேட்டாலே அடுத்தது தானாக நாக்குக்கு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே தடவை கேட்டுவிட்டு முழுசாகத் திருப்பிச் சொல்ல முடியும்.

இதைவிடப் பெரிய மாற்றம் கடைசியில் இருக்கிறது. பட்டினத்தாரிடம் பதில் இருக்கிறது: புண்ணிய பாவம் தொடரும். கண்ணதாசன் பதிலை எடுத்துவிட்டுக் கேள்வியை வைத்தார். கடைசி வரை யாரோ? சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த நேரத்தில் பதில் வேண்டியிருக்காது, கேள்விதான் உள்ளே குடைந்துகொண்டிருக்கும். பாடை வீதி முனையைத் தாண்டும்போது பெண்கள் நின்றுவிடுகிறார்கள், ஆண்கள் மட்டும் காட்டுக்குப் போகிறார்கள் என்பது பாட்டில் வருகிற வர்ணனை மட்டும் அல்லவே, கண்ணெதிரே நடப்பது. பாட்டும் சடங்கும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்திக்கொள்கின்றன. என் தாத்தா இறந்த அன்று அந்த வரி வரும்போது பாட்டி தெருமுனையில் நின்றார். அன்றுவரை அதை சினிமாப் பாட்டாகத்தான் கேட்டிருந்தேன்.

முன்பு இந்த வேலைகளைச் செய்ய நம்மிடம் வேறு பாட்டுகள் இருந்தன. கல்யாணத்துக்கு நலங்குப் பாட்டு, பிள்ளைக்குத் தாலாட்டு, சாவுக்கு ஒப்பாரி. வீட்டுப் பெண்கள் வாய்வழியாகவே காப்பாற்றி வந்தவை. அவை மெல்ல மெல்லக் குறைந்துபோன இடத்தில் திரைப்பாட்டு வந்து உட்கார்ந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவிகளோடு போன சொற்கள் திரும்பி வராது. ஆனாலும் இன்றைக்கு ஒரு இளம் தாய் தன் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு படத்துப் பாட்டைத்தான். "மலர்ந்தும் மலராத" பாடுகிறவர் உண்டு. அது மறுபடி 'பாசமலர்'. "கண்ணே கலைமானே" பாடுகிறவரும் உண்டு. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'க்காகக் கண்ணதாசன் எழுதியது. திரைக்கு அவர் எழுதிய கடைசிப் பாட்டு அதுதான். படம் வெளிவருவதற்குள், 1981 அக்டோபரில், அவர் சிகாகோவில் காலமாகிவிட்டார். படத்தில் அது குழந்தைக்குப் பாடப்படுவதும் இல்லை, குழந்தை மனம் கொண்ட ஒரு பெண்ணுக்கு. தாய்மார்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. தாலாட்டின் நடையும் இழைவும் இருந்தன, எடுத்துக்கொண்டார்கள்.

சரி, படத்தை விட்டுப் பாட்டு தனியே கிளம்ப வழி செய்தது எது? எனக்குத் தெரிந்து முதல் இடம் வானொலிக்கு. அதிலும் இலங்கை வானொலிக்கு. 1952இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுகள் ஏறத்தாழ இல்லாமல் போயின. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். 1957இல் விவித் பாரதி தொடங்கித்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. அதற்குள் ஜனங்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியிருந்தார்கள், அப்புறமும் பல வருடம் அங்கேயே வைத்திருந்தார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் பெயர் நடிகர்கள் பெயர் அளவுக்குத் தெரிந்திருந்தது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது ஒரு தெருவின் முதல் வீட்டில் தொடங்கிய பாட்டைக் கடைசி வீடுவரை நடந்துகொண்டே முழுசாகக் கேட்டுவிடலாம்.

வானொலி செய்த முக்கியமான காரியம், படம் பார்க்காதவர்களிடம் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வருடத்துக்கு இரண்டு படம் பார்க்கிற குடும்பம்கூட நூறு பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தது. திரையில் யார் எங்கே நின்று எதற்காகப் பாடினார்கள் என்பது தெரியாததால் அவரவர் வாழ்க்கையிலிருந்தே ஒரு காட்சியை அந்தப் பாட்டுக்குப் பொருத்திக்கொண்டார்கள். நேயர் விருப்பத்தில் கடிதம் எழுதிய அக்காவுக்கு அந்தப் பாட்டு யாரை நினைத்து என்பது அக்காவுக்கு மட்டுமே தெரியும். தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகமும் இதற்கு உதவியது. முதலில் கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். மற்றப் பக்கமெல்லாம் பாட்டு வரிகள். கதையைப் பாதியில் நிறுத்திய அந்தப் புத்தகம் பாட்டை மட்டும் முழுசாகக் கொடுத்தது!

நீளமும் ஒரு காரணம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி, மறு சரணம், கடைசியில் மறுபடி பல்லவி. மூன்று நிமிடத்துக்குள் ஒரே வரி நாலைந்து தடவை காதில் விழும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் எங்கே போகும்? எண்பதுகளில் கேசட் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய காலம் வந்தபோதும், தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய போதும், இந்தக் கட்டுமானம் பெரிதாக மாறவில்லை.

பிற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு 1972இல் 'தெய்வம்' படத்தில் மதுரை சோமு பாடிய "மருதமலை மாமணியே", 1967இல் 'கந்தன் கருணை'யில் வந்த, பூவை செங்குட்டுவன் எழுதிய "திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்." பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் கட்சி மேடைக்கும் பொதுவாகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் "தூங்காதே தம்பி தூங்காதே", 'நாடோடி மன்னன்', 1958. தேர்தல் ஜீப்புக்கு "நான் ஆணையிட்டால்", வாலி எழுதியது, 1965. தாய்மாமன் சீர் வரும்போது 1993இல் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் வந்த "மானூத்து மந்தையிலே." டிசம்பர் 31 நள்ளிரவுக்கு 'சகலகலா வல்லவன்' பாட்டு, "இளமை இதோ இதோ." 1982இல் ஆகஸ்ட் மாதம் வந்த படம் அது, புத்தாண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நேரம். எஸ்.பி.பாலசுப்ரமணியம் தொடக்கத்தில் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறார், அந்த ஒரு வாழ்த்துக்காக நாற்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியையும் அவர் குரல்தான் திறந்து வைக்கிறது. அவர் 2020இல் மறைந்த பிறகு வந்த முதல் புத்தாண்டில் அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது ஒரே நாளில் பிறந்த இரண்டு பாட்டுகள். 1991 தீபாவளி, நவம்பர் 5. 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டுக்கும் இளையராஜா இசை. இரண்டிலும் வாலி எழுதிய பாட்டு உண்டு. 'தளபதி' பெரிய வெற்றி. அதில் வந்த "ராக்கம்மா கையத் தட்டு" பாட்டின் நடுவே அப்பர் தேவாரம் 'குனித்த புருவமும்' அப்படியே நுழைந்து வெளியேறும். ஆட்டம் போடுகிற பாட்டுக்குள் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய பதிகம். 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி நேயர்களிடம் வாக்குக் கேட்டபோது, உலகப் பாட்டுகளில் நாலாவது இடம் அதற்குக் கிடைத்தது. உலகமெங்கும் பரவியிருந்த தமிழர்கள் கூடிப் போட்ட ஓட்டு என்று சொல்வார்கள். சொல்லட்டுமே. கூடி ஓட்டுப் போட ஒரு பாட்டு இருந்ததே, அது பெரிய விஷயம்தான்.

'குணா' அந்த அளவு ஓடவில்லை. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்ட குகைக்குக் குணா குகை என்ற பெயர் வந்தது, அப்புறம் "கண்மணி அன்போடு காதலன்" பாட்டு நின்றது. கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும் பேச்சும் பாட்டுமாகக் கடிதம் எழுதுகிற பாட்டு. 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. 2006இல் அதே குகையில் குழிக்குள் விழுந்த நண்பனை எர்ணாகுளத்து இளைஞர் ஒருவர் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். மீட்டு மேலே கொண்டுவரும் நேரத்தில் அந்த வரி ஒலிக்கும்: மனிதர் உணர்ந்துகொள்ள இது மனிதக் காதல் அல்ல. தியேட்டரில் கைதட்டல் அடங்கவில்லை. அந்த வரியைக் காதலிக்காகத்தான் வாலி எழுதினார். முப்பத்து மூன்று வருடம் கழித்து அது நட்புக்குப் பொருந்தியது, ஒரு சொல்கூட மாற்றாமல். ஏனென்றால் அந்த வரியில் காதலியும் இல்லை, குணாவும் இல்லை. ஒரு பாட்டுக்குப் புது வேலை கிடைப்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதே வருடம் 'லப்பர் பந்து' படம் வந்ததும் 1989ஆம் வருடத்து "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" கிரிக்கெட் மைதானங்களுக்கு வந்து சேர்ந்ததும் இதே கதைதான்.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனை வேலை செய்கிற பாட்டுகளை எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது? பாட்டெழுதியதும் ஒரு தொகை, அவ்வளவுதான் வழக்கம். 1977இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் தயாரிப்பாளர் பக்கமே நின்றது. பாட்டு படத்தை விட்டு வெளியே ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2012இல். கண்ணதாசன் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது. பட்டுக்கோட்டையார் 1959இல் 29 வயதிலேயே போய்விட்டார். "திருடாதே பாப்பா திருடாதே" திரைக்கு வந்த 1961இல் அதைக் கேட்க அவர் இல்லை. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதற்குச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது, அது நியாயம்தான், ஒரு சடங்கிடம் யாரும் காசு கேட்கக் கூடாது. ஆனால் பெயரையாவது சொல்லலாம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று எல்லாம் சொல்லித்தான் பாட்டை ஓடவிட்டார்கள். இன்றைக்குக் கைபேசியில் பாட்டைத் தட்டினால் நடிகர் படம் வருகிறது, எழுதியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம். பழைய மைக் செட்காரரின் மகன்தான் இப்போது தொழில் செய்கிறார். பென் டிரைவைச் செருகியதும் சின்னத் திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன: கோயில், கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கிடா வெட்டு, சாவு. ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். காதுகுத்தில் புதுப் பாட்டுகள் நிறைய சேர்ந்திருந்தன. சடங்கிலும் அப்படித்தான். சாவு என்ற பெயருக்குள் இருந்தவை பெரும்பாலும் அவருடைய அப்பா வைத்திருந்த இசைத்தட்டுகள்தான், அதே வரிசையில். அதை மூடிவிட்டு 'கல்யாணம்' என்பதைத் தொட்டார். பெட்டி ஸ்பீக்கரில் கரகரப்பு இல்லாமல், சுத்தமாக, ஈஸ்வரியின் குரல் கிளம்பியது. உள்ளே யாரோ ஒரு அத்தை, பூக்கட்டிக்கொண்டே, கூடவே பாட ஆரம்பித்தார்.